போக்குவரத்தில் சேதம்

பதினெட்டுக் கிலோ.
கொழும்பிலிருந்து தலவாக்கலை வரை
அரிசிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
மேல்தட்டில் வைத்தால் உருளும்.
காலடியில் வைத்தால் நான் உறங்கிவிடுவேன்.
கம்பி முடிச்சில் ஓர் ஈய முத்திரை,
சுண்டுவிரல் நகமளவு.
அதில் மூன்று எழுத்து. படிக்க வேண்டியதில்லை,
உடையாமல் இருந்தால் போதும்.

விடியாத ஐந்தரை மணி.
ஸ்டேஷன் வாசலில் மணல்மூட்டை,
மூட்டைக்குப் பின்னால் குளிரில் மூக்குச் சிவந்த ஒரு பையன்,
என் மகனைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம்.
சாக்கைத் தொட்டான். இரும்பு.
கை பின்வாங்கியது.

அடையாள அட்டை. வேலாண்டி மருதையா.
தோட்டம், டிவிஷன், லயம், காம்பிரா இலக்கம்.
"மேக்க மொகக்த?"
எனக்குச் சிங்களம் வரும், பொயிலருக்கு வராது.
சேஃப்டி வால்வு என்றேன்.
ஸ்ப்ரிங் இருக்கிறதா? இருக்கிறது.
வெடிக்குமா?
மாத்தயா, வெடிக்காமல் இருக்கத்தான் இது.

அந்த வாக்கியத்தில் அவனுக்கு ஒரு சொல்தான் கேட்டது.

ஓரமாக நிறுத்தினார்கள்.
குக்கர் விசில் மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன்,
வெட்கமில்லாமல் வாயால் ஊதியும் காட்டினேன்.
கோவா மூட்டையோடு நின்றவர் சிரித்தார்.
பையன் சிரிக்கவில்லை.
சான்றிதழை நீட்டினேன். ஆங்கிலம்.
இருவரும் அதில் ஒரே அளவுதான் படித்தோம்:
பத்து என்ற எண், கீழே ஒரு கையெழுத்து.

விதி இதுதான் என்றேன்.
பொயிலர் தாங்கும் அளவுக்கு மேல் இது பொறுக்கக் கூடாது.
இரண்டுக்கும் நடுவே எந்த அடைப்பும் வைக்கக் கூடாது.
ஊதுகிற ஆவி ஆள் நடக்கும் பக்கம் போகக் கூடாது.
திருகை யாரும் தொடக் கூடாது, மனேஜர்கூட.
முத்திரை அதற்குத்தான்.

"அப்படியென்றால் உள்ளே இருப்பதை நான் எப்படிப் பார்ப்பது?"
நியாயமான கேள்வி.
விதியில் அதற்கு இடமில்லை.

குறடு வந்தது. டிக்கென்று ஒரு சத்தம்.
தொப்பியைக் கழற்றி, டார்ச் அடித்து,
ஸ்ப்ரிங்கை ஸ்ப்ரிங் என்று உறுதிசெய்துகொண்டு
"ஹரி, யன்ன" என்றான்.
ஈயத்துண்டைச் சரளைக்கல்லுக்குள் தேடி எடுத்தேன்.

பெக்டரியில் பொயிலர் மூன்று நாளாய் ஆறிக் கிடந்தது.
அடுப்பு வாயில் பூனை படுத்திருந்தது.
எஞ்சினியர் ஜயவிக்கிரம வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒரு நூல்கூட அசையவில்லை. கம்பியைக் கட்டிவிடு,
யார் பார்க்கப் போகிறார்கள்?"
கப்பல் புறப்படும் திகதியைச் சொன்னார்.
இரண்டு முறை சொன்னார்.
கெட்டவரில்லை. அவருக்கும் கொழும்பிலிருந்து
மணிக்கொரு தரம் போன்.

ஆனால் பொயிலரிலிருந்து பதினாறு அடியில்
இரவு எட்டு மணி நேரம் நிற்பவன் நான்.
அவர் பங்களா அரை மைல்.
சாக்கைத் திரும்பக் கட்டினேன்.

அன்றிரவே ரயில், கீழே.
பரிசோதனைக் கூடத்தில் ஒகஸ்டீன்
வால்வை மேடையில் பூட்டிக் காற்றை ஏற்றினார்.
எட்டு, ஒன்பது, ஒன்பதரை,
பத்தில் பட்டென்று எழுந்து கத்தியது.
எஞ்சினியர் சொன்னது சரிதான்,
ஒரு நூல்கூட அசையவில்லை.

புது முத்திரை, புதுத் தாள்.
தாளில் ஒரு கட்டம்: மறுபரிசோதனைக்கான காரணம்.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.
மணல்மூட்டை, குறடு, டார்ச், சிவந்த மூக்கு,
சரளைக்கல்லில் நான் குனிந்து தேடியது
எல்லாம் சொன்னேன்.
கட்டம் சின்னது.
"போக்குவரத்தில் சேதம்" என்று எழுதினார்.

மறுநாள் தலவாக்கலை, அதே ஐந்தரை.
வாசலில் வேறொரு பையன்.
சாக்கைத் தொட்டான்.
இறக்கி வைத்தேன்.
முதலில் குக்கர் விசிலிலிருந்து தொடங்கினேன்.